எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டியவருக்கு

அரசன்குளம்,
தோவாளை வழி.
கொல்லம் 1131 கார்த்திகை 12.
(இதற்கு இங்கிலீஷ் தேதி என்ன என்று நீங்கள் கூட்டிப் பார்க்கவே வேண்டாம். கூட்டியதால் வந்த வினையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.)

மகா கனம் பொருந்திய வானொலி மாதேவன் அவர்களுக்கு, வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் வாசகசாலை ஒலிபெருக்கிக் குழாயில் உங்கள் குரலைக் கேட்டுவரும் அரசன்குளம் நாகம்மை எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டாரும், முக்கியமாக உங்கள் தொண்டையும், ஒரு குறையும் இல்லாமல் இருக்க சுசீந்திரம் சாமியை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகமில்லை. காரணம் நீங்கள்.

கதைக்குள் போகுமுன் ஒரு காரியம். கொல்லம் 1084 ஆவணி மாதம் 20ஆம் தேதி, எனக்குக் கல்யாணம் நடந்த அன்று, எங்கள் குளத்தங்கரையில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் புத்தகத்தில் ‘ஊரார் திரளாகக் கூடியிருந்தனர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஊரார் என்று யாரும் கிடையாது, ஆளாளுக்குப் பெயர் உண்டு. என் அப்பா பூதலிங்கம் இருந்தார். என் அம்மை இருந்தாள், அழுதுகொண்டு. என் மாமனார் ஆறுமுகப்பெருமாள் காலில் கட்டுடன் இருந்தார். மாப்பிள்ளை இருந்தார். மாப்பிள்ளையின் அக்கா பொன்னம்மை, என் கழுத்து அட்டிகையை ‘போட்டுப் பாத்துட்டுத் தாறேன்’ என்று வாங்கி ஒரு கல் குறையத் திருப்பித் தந்தவள், அவளும் இருந்தாள். சமையலுக்கு வந்த தவசுப்பிள்ளை அணஞ்சபெருமாள், அவருக்குக் கை உதவியாக மூன்று பேர், நாதஸ்வரக்காரர், தவில்காரர், சோசியர், மடை காவல் தங்கையன், மயிலாடியிலிருந்து விருந்துக்கு வந்த கல்தச்சர் வேலு, பந்தலுக்குக் கயிறு கொண்டுவந்த மணக்குடி மரியான், குதிரையோடு வந்த சர்க்கார் அதிகாரியான காரியக்காரர், கடைசியாக, பாயச உருளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்திருக்கவே மாட்டேன் என்று சாதித்த ஏழு வயசுப் பிள்ளை செல்லத்தாய். இந்தச் செல்லத்தாயைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் செத்துப்போனார்கள். இவள் சாகவில்லை, எனக்குச் சம்பந்தக்காரி ஆகப்போகிறாள். ஆவாளா மாட்டாளா என்பது இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

புத்தகத்தைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு இடம் இருக்காது. ‘நாஞ்சில் நாடு: நேற்றும் முந்தாநாளும்’ என்ற உங்கள் புத்தகத்தை என் மூத்த மகன் பகவதியப்பன் கோட்டாற்றில் ஒரு கடையில் வாங்கிக்கொண்டு வந்தான். நான் இரண்டாம் கிளாஸோடு நின்றவள், அச்செழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பேன், ஒரு பக்கம் முடிவதற்குள் உலை பொங்கி அடுப்பு அணைந்துவிடும். அதனால் பேத்தி கோலம்மை வாசித்தாள், தெருவில் பாதிப் பேர் வந்து கேட்டார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ராஜா வருவார், திவான் வருவார், சண்டை வரும். குளம் வராது, மடை வராது, எங்கள் அவியலும் வராது. உங்கள் புத்தகத்தில் எல்லாம் வந்தது. ஏழாம் அத்தியாயத்தில் ‘அரசன்குளம் உடைந்த கதை’ என்று தலைப்பைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ‘மணப்பந்தலே மடையானது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நாலு தடவை வாசிக்கச் சொன்னேன். புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றி சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஏழாம் அத்தியாயத்தை நூல்போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். அது வெளியே வந்தால் யாரையாவது கடிக்கும்.

இனி குறைகள். மணமகள் நாணத்துடன் தலைகுனிந்து நின்றாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, நாணத்துக்கு எனக்கு எங்கே நேரம் இருந்தது? மலையில் மூன்று நாள் மழை, குளம் தளும்பி நிற்கிறது, கீழே மூன்று ஊர் வயலில் கன்னிப்பூப் போகத்து நெற்கதிர் முற்றி அரிவாளுக்குக் காத்து நிற்கிறது. முகூர்த்தம் பத்து மணிக்கு. ஒன்பதுக்கு மடை காவல் தங்கையன் தலைமுண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் ஓடிவந்து, ‘கரை போச்சு! மடைக்கு மேக்க கரை போச்சு!’ என்று கத்தினான். என் மாமனார் கட்டுப்போட்ட காலோடு எழுந்து, ‘பந்தலைப் பிரிங்கலே!’ என்றார். என் அப்பா, ‘அண்ணாச்சி, முகூர்த்தம்?’ என்றார். ‘நெல்லு போன பிறவு என்னத்த வச்சுவே முகூர்த்தம்? பிரிங்கலே!’ கம்புகள், முடைந்த ஓலை, வாசலில் குலையோடு கட்டியிருந்த வாழை, எல்லாம் குளத்துக்குப் போயின. நான் கூறைச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மண் சுமந்தேன். இடுப்பளவு சேறு. தலைகுனிந்தது உண்மை, மண்ணை அள்ளக் குனிந்தேன்.

‘காரியக்காரரின் தலைமையில் கரை அடைக்கப்பட்டது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். காரியக்காரர் குதிரையை விட்டு இறங்கவே இல்லை. மேட்டில் நின்று, ‘அங்க போடு, இங்க போடு’ என்றார். அவர் சொன்ன இடத்தில் போட்டிருந்தால் இன்றைக்கு அரசன்குளம் இருக்காது, குளத்தைத் தேடிக் கடலுக்குத்தான் போகவேண்டும். அடைத்தவர் மணக்குடி மரியான். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு சுழிக்குள் முங்கி, பந்தல் கம்பை ஒவ்வொன்றாக அடியில் குத்தி நிறுத்தி, ஓலையைச் செருகி, மேலே வந்து ஒரு மூச்சு எடுப்பார், மறுபடி முங்குவார். பதினேழு தடவை. நான் எண்ணினேன். மாப்பிள்ளையும் பட்டு வேட்டியோடு கழுத்தளவு தண்ணீரில் நின்று கம்பு எடுத்துக் கொடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பத்து மணி ஆனதும் சோசியர் கரையில் நின்று, ‘நேரம் போகுது, நேரம் போகுது’ என்று குதித்தார். மாப்பிள்ளை ஏறி வந்தார், சேற்றுக் கையால் தாலியைக் கட்டினார், நாதஸ்வரக்காரர் தென்னை மூட்டில் சாய்ந்து நின்று ஊதினார், மூன்றாவது முடிச்சை அக்கா பொன்னம்மை போடுமுன்னே மாப்பிள்ளை திரும்பக் குளத்தில் இறங்கிவிட்டார். இது கல்யாணம். இதில் மரியான் பெயர் புத்தகத்தில் இல்லை. என் பெயரும் இல்லை, வெறும் ‘மணமகள்’. குளத்துக்குப் பெயர் போட்டிருக்கிறீர்கள், மடைக்குப் பெயர் போட்டிருக்கிறீர்கள், காரியக்காரரின் குதிரைக்கு ‘சுந்தரி’ என்று பெயர் போட்டிருக்கிறீர்கள். சுந்தரி ஒரு கூடை மண் சுமந்தாளா?

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். வானொலியில் நீங்கள் அந்த அத்தியாயத்தை வாசித்த அன்று மட்டும் பொறுக்க முடியாமல் வாசகசாலையில் எழுந்து நின்று, ‘இல்ல, தப்பு!’ என்று குழாயைப் பார்த்துச் சொன்னேன். நீங்கள் நிறுத்தவில்லை. கோலம்மை என் சேலையைப் பிடித்து இழுத்து, ‘ஆச்சி, இரிங்கோ. அவருக்குக் கேக்காது’ என்றாள். ‘அவரு சொல்லது எனக்குக் கேக்குதுல்லா? பின்ன நான் சொல்லது மட்டும் அவருக்கு ஏன் கேக்காது?’ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் அதே நேரம் பார்த்து ‘வணக்கம்’ என்று சொல்லிப் போய்விட்டீர்கள், அப்புறம் நெல் விலை சொன்னார்கள்.

பொறுக்க முடியாதது எது என்றால் தேதி. ஏழாம் அத்தியாயத்தில், குளம் உடைந்தது ‘கொல்லம் 1084 ஆவணி, அதாவது 1909 ஆகஸ்டு’ என்று போட்டிருக்கிறீர்கள். கடைசி அத்தியாயத்தில் ‘நாட்டுக்குழைத்த நல்லோர்’ என்று ஒரு வரிசை. அதில் காலரா வந்தபோது வீடுவீடாய் ஏறி இறங்கி மருந்து கொடுத்த கம்பவுண்டர் பகவதியப்பன் பெயரும் இருக்கிறது. என் மகன்தான், கோலம்மைக்கு அப்பன். வாசித்தபோது அவன் வெட்கப்பட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டான். அவன் பிறந்தது ‘கொல்லம் 1084 ஆடி, அதாவது 1909 ஜூலை’ என்று போட்டிருக்கிறீர்கள். ஜூலையில் பிள்ளை, ஆகஸ்டில் கல்யாணம். தம்பி, உங்கள் புத்தகப்படி எனக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம் கழித்துத்தான் தாலி ஏறியிருக்கிறது. நாணத்துடன் தலைகுனிந்து நின்றாள் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். வாசிக்கிறவன் என்ன நினைப்பான்?

எங்கள் பக்கம் கொல்லம் வருஷம் ஆவணியில் பிறந்து ஆடியில் முடிகிறது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. 1084இல் ஆவணிதான் தலை, ஆடி வால். கல்யாணம் தலையில், பிள்ளை வாலில், நடுவில் முழுசாகப் பத்து மாதத்துக்கு மேல் இருக்கிறது. இங்கிலீஷ் வருஷமாக்க ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை எண்ணூற்று இருபத்துநாலு கூட்டவேண்டும், அதற்குப் பிறகு ஆடிவரை எண்ணூற்று இருபத்தைந்து. இரண்டுக்கும் இருபத்தைந்தைக் கூட்டிப்போட்டால் என் மாதிரி ஒருத்தி தலையில்தான் விடியும். இரண்டு வருஷம் முன்பு நீங்கள் எங்கள் ஊருக்கு வந்து விசாரித்தபோது நான் இளைய மகளின் பிரசவத்துக்குப் பூதப்பாண்டி போயிருந்தேன். யாரைக் கேட்டு எழுதினீர்களோ தெரியாது. காரியக்காரரின் பேரன் ஒருத்தன் வேட்டியில் இஸ்திரி மடிப்பு கலையாமல் திரிகிறான், அவனாகத்தான் இருக்கும்.

இப்போது செல்லத்தாய்க்கு வருகிறேன். எங்கள் ஊரில் பிறந்து, ஆரல்வாய்மொழிக்கு அப்பால் பணகுடிக்குக் கட்டிக்கொண்டு போனவள். அவள் மகன் தபாலாபீசில் வேலை பார்க்கிறான், நல்ல பையன். அவனுக்குக் கோலம்மையைப் பேசினோம். பையன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனான், அதிலிருந்து கோலம்மை தபால்காரன் சைக்கிள் மணி கேட்டால் காரணமில்லாமல் வாசலுக்குப் போகிறாள். தை பத்தாம் தேதி நிச்சயம் என்று முடிவாயிற்று. ஐப்பசியில் செல்லத்தாய் வந்தாள், வெற்றிலைத் தட்டுக்காக வருகிறாள் என்று நினைத்தேன். பையைத் திறந்தால் உங்கள் புத்தகம், இரண்டு இடத்தில் தாளை மடக்கி வைத்திருக்கிறாள்.

‘அக்கா, கோவிச்சுக்கப்பிடாது. நான் ஒண்ணும் சொல்லல்ல. பொஸ்தகம் சொல்லுது’ என்றாள்.

‘ஏட்டி செல்லத்தாயி, நீ அன்னைக்கு அங்கதானே இருந்தே? உருளிப் பக்கத்துலேருந்து எந்திரிச்சியா?’

‘ஏழு வயசுப் பிள்ளைக்கு என்னக்கா ஓர்மை இருக்கும்? பாயசம் நல்லா இருந்தது, அது ஓர்மை இருக்கு. வருசம் ஓர்மை இல்ல.’

‘பகவதியப்பனைத் தொட்டில்ல போட்ட அன்னைக்கும் வந்து ரெண்டு கை சர்க்கரை தின்னியே?’

‘தின்னேன். அது கல்யாணத்துக்கு முந்தியா பிந்தியான்னு யாரு கண்டா? வானொலிக்காரரு சும்மா எழுதுவாரா?’

கேட்டீர்களா? என்னை மணக்கோலத்தில் சேற்றில் பார்த்தவள், என் பிள்ளையைத் தொட்டிலில் பார்த்தவள், இரண்டு கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குள்ளும் கெட்ட எண்ணம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பணகுடியில் அவளுக்கு ஒரு மூத்த கொழுந்தன், கண்ணாடி போட்டவர், அவர்தான் புத்தகத்தை வாசித்து, ‘பெண்ணுக்கு அப்பனே இப்படியா?’ என்று கேட்டிருக்கிறார். பிள்ளை கோலம்மை கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, சாட்சி காட்டுகிறேன் என்று செல்லத்தாயைக் கையைப் பிடித்து மடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னால் தெருவே வந்தது. மயிலாடி வேலு அந்த மாதமே மடையில் ஒரு கல் வெட்டி நட்டார், பாசியைச் சுரண்டிக் காட்டினேன்: ‘கொல்லம் 1084 ஆவணி 20.’ ‘பாத்தியா?’ என்றேன். வீட்டுக்கு வந்து பகவதியப்பனின் ஜாதகத்தை எடுத்துக் காட்டினேன்: ‘1084 ஆடி 9.’ ‘பாத்தியா?’ என்றேன். செல்லத்தாய் இரண்டையும் பார்த்துவிட்டுப் பைய, ‘அக்கா, ரெண்டும் ஒரே வருசம். ஆடி முந்தி, ஆவணி பிந்தி. கல்லும் பொஸ்தகம் சொன்னதத்தான் சொல்லுது’ என்றாள். முப்பத்தைந்து வருஷம் பணகுடியில் சித்திரையை வருஷப் பிறப்பாகக் கும்பிட்டவளுக்கு, பிறந்த ஊரில் வருஷம் எங்கே பிறக்கும் என்பதுகூட மறந்துபோயிற்று. என் சாட்சி இரண்டும் எனக்கே எதிராகத் திரும்பி நின்றன.

பள்ளிக்கூடத்து டைட்டஸ் வாத்தியாரைக் கூப்பிட்டோம். நல்ல மனிதர், நிதானமாக விளக்குவார். பன்னிரண்டு பாக்கைத் தரையில் வரிசையாக வைத்தார். ‘இந்தா, இது ஆவணி. இங்க தொடங்கும். கடைசிப் பாக்கு ஆடி. கல்யாணம் இங்க, பிள்ளை அங்க. வெளங்குதா?’ என்றார்.

‘வாத்தியாரே, சித்திரை எது?’ என்றாள் செல்லத்தாய்.

‘இது ஒன்பதாவது.’

‘வருசப் பொறப்பை ஒன்பதாவதா கொண்டு வச்சா மத்ததெல்லாம் எப்பிடிச் சரியா வரும்?’ என்று சொல்லி, சித்திரையை எடுத்து முன்னால் வைத்தாள். வாத்தியார் எடுத்துத் திரும்ப வைத்தார். அவள் திரும்ப எடுத்தாள். இப்படி நாலு தடவை ஆயிற்று. ஐந்தாவது தடவை பேச்சு வாக்கில் வெற்றிலையோடு சேர்த்துச் சித்திரையை வாயில் போட்டு மென்றுவிட்டாள். பாக்கிப் பதினோரு மாதத்தை வைத்துக்கொண்டு வாத்தியார் என்ன செய்வார்? ‘நான் நாளைக்கு வாறேன் அம்மா’ என்று சட்டையைத் தட்டிக்கொண்டு போனவர் இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரர் இவ்வளவுக்கும் மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான்.

அப்போதுதான் எனக்கு மரியான் ஞாபகம் வந்தது. நானும் பகவதியப்பனும் பஸ் ஏறி மணக்குடிக்குப் போனோம். எழுபத்திரண்டு வயசு, காது கொஞ்சம் மந்தம், வலை முடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், ‘பந்தல் பொண்ணுல்லா! எனக்க கயிறு ரெண்டு முடி இன்னும் உங்க கொளத்துக்குள்ள கெடக்கு’ என்றார். சொன்னேன் பாருங்கள், பதினேழு தடவை முங்கியவருக்கு ஒன்றும் மறக்காது. ‘அது எந்த வருசம்னு சொல்லுங்கோ’ என்று காதருகே கத்தினேன். ‘வருசம் எனக்கென்ன தெரியும்? எனக்க மக வியாகுலம்மா பொறந்து நாலாம் நாளாக்கும் நான் கயிறு கொண்டு வந்தது. அந்த மாசமே ஞாயித்துக்கெழமை கோயில்ல தண்ணி ஊத்துனோம்’ என்றார். வியாகுலம்மாளே வெளியே வந்து, ‘அது கோயில் பொஸ்தகத்துல இருக்கும் அம்மா, வாருங்கோ’ என்று கூட்டிக்கொண்டு போனாள். சாமியார் பெரிய புத்தகத்தைப் புரட்டி விரலை வைத்தார். வியாகுலம்மாள், அப்பன் மரியான், ஞானஸ்நானம் 1908 செப்டம்பர் 13. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு, தம்பி. அவர்களுக்குக் கூட்டவும் வேண்டாம் கழிக்கவும் வேண்டாம், இங்கிலீஷிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. என் கற்பு நாற்பத்தேழு வருஷமாக மணக்குடிக் கோயில் பீரோவில் பத்திரமாக இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

சாமியார் கையெழுத்தோடு வாங்கிய நகலைப் பகவதியப்பன் பணகுடிக்குக் கொண்டுபோய்க் காட்டினான். செல்லத்தாய் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். ‘எனக்குத் திருப்தி மக்கா. ஆனா எங்க கொழுந்தன் வானொலியில சொன்னாத்தான் நம்புவாரு. அந்த மாதேவன் வாயால ஒரு தடவை மாத்திச் சொல்லட்டும், நான் மறுநாளே தட்டோட வாறேன்’ என்றாளாம். மார்கழி முடியும்வரை தவணை. அதற்குள் நீங்கள் சொல்லாவிட்டால் பையனுக்கு வேறு இடம் பார்ப்பார்கள், கண்ணாடிக்காரர் ஏற்கெனவே ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறாராம்.

ஆகவே மாதேவன் அவர்களே, நான் கேட்பது பெரிதில்லை. வருகிற வாரம் உங்கள் நேரத்தில், ‘அன்பர்களே’ என்று சொன்னவுடனே, வேறு எதுவும் சொல்லுமுன், அரசன்குளம் உடைந்தது 1908இல் என்று சொல்லவேண்டும். நிறுத்திச் சொல்லவேண்டும். இரண்டு தடவை சொல்லவேண்டும், பணகுடியில் காற்று ஜாஸ்தி. தப்பு என்னுடையது, ஒரு மானமுள்ள குடும்பத்தின் மேல் அறியாமல் சேறு அடித்துவிட்டேன் என்றும் சொல்லவேண்டும். அடுத்த பதிப்பில் மரியான் பெயரைப் போடவேண்டும், குதிரை பெயரை எடுக்கவேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் நாகம்மை என்று போடலாம், வற்புறுத்தவில்லை. இதைச் செய்யவில்லையென்றால் நான் பஸ் ஏறி வானொலி நிலையத்துக்கே வருவேன், நீங்கள் பேசுகிற பெட்டிக்கு முன்னால் நானும் உட்காருவேன். அப்போது நான் சொல்வது எல்லோருக்கும் கேட்கும்.

உங்கள் அம்மை இருந்தால் அவர்களுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்கள், இப்படி ஒரு தொண்டையைப் பெற்றெடுத்ததற்கு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், நீர்க்கோவை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், மார்கழிப் பனி பொல்லாதது. மட்டிப்பழம் ஒரு குலை பழுத்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் வானொலியில் சொன்ன மறுநாள் அனுப்புவேன், சொல்லாவிட்டால் அனுப்பமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகத்தில் பெயரில்லாத மணமகள்,
அரசன்குளம் நாகம்மை.

பின்குறிப்பு: மேலே உங்களைச் சொன்னதை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன். கிழித்துப்போட்டு வேறு எழுதலாமென்றால் எழுதி எழுதி என் விரல் மரத்துவிட்டது, வீட்டில் தாளும் தீர்ந்துபோயிற்று. நடந்தது இது. உறையில் போடுமுன், பிழை இருக்கிறதா என்று பார்க்கக் கோலம்மையை ஒரு தடவை சத்தமாக வாசிக்கச் சொன்னேன். ‘யாரைக் கேட்டு எழுதினீர்களோ தெரியாது’ என்ற இடம் வந்ததும் என் வீட்டுக்காரர் வெற்றிலை இடிப்பதை நிறுத்தினார். காரியக்காரர் பேரன் இடம் வந்ததும் இருமினார். கடைசியில் எழுந்து நின்றார்.

‘ஏட்டி, அந்தப் பயலை ஒண்ணும் எழுதாண்டாம். நானாக்கும் சொன்னது’ என்றார்.

‘என்னத்தைச் சொன்னிய?’

‘அந்த மனுசன் வந்து, கொல்லத்தை எப்படி இங்கிலீஷ் வருசமாக்கதுன்னு கேட்டாரு. அவரு எரநூத்தி முப்பது தேதி எழுதி வச்சிருந்தாரு. நான் எண்ணூத்தி இருபத்தஞ்சைக் கூட்டணும்னு சொன்னேன். சில மாசத்துக்கு இருபத்துநாலைல்லா கூட்டணும்னு அவருதான் கேட்டாரு. இங்க அந்த வழக்கமெல்லாம் கெடையாது, நேரா கூட்டும்னு நான்தான் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன்.’

அப்படியானால் நீங்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இவ்வளவு நேரம் உங்களைத் திட்டியதற்கு என்னை மன்னிக்கவேண்டும்.

நான் அவரைப் பார்த்து, ‘ஒரு மாசமா நான் தலையிலே அடிச்சுக்கிட்டுத் திரியதைப் பாத்துக்கிட்டு வாயைத் தொறக்காம இருந்தியளே, ஏன்?’ என்று கேட்டேன். அவர், ‘நீ எப்பம் நிறுத்தினே, நான் வாயைத் தொறக்க?’ என்றார்.

செல்லத்தாயை மன்னித்துவிட்டேன், சம்பந்தக்காரி. டைட்டஸ் வாத்தியாரை மன்னித்துவிட்டேன். கல் குறைந்த அட்டிகைக்காகப் பொன்னம்மையை மன்னித்துவிட்டேன், அவள் செத்து எட்டு வருஷம் ஆகிறது. காரியக்காரரையும் குதிரையையும் சேர்த்து மன்னித்துவிட்டேன். 1908 என்று மட்டும் நீங்கள் தயவுசெய்து சொல்லிவிடவேண்டும், பிள்ளை மறுபடி சாப்பிடவேண்டும். ஆனால் தப்பு என்னுடையது என்று நீங்கள் சொல்லவேண்டாம். தப்பாகக் கூட்டச் சொன்னவர் இன்னார் என்று, ஊரும் பெயரும் சேர்த்து, தெளிவாகச் சொல்லுங்கள், பணகுடிவரைக்கும் கேட்கட்டும். தாலி ஏறிய நாள் முதல் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, எழுதியதும் இல்லை, எங்கள் பக்கம் பெண்கள் சொல்லமாட்டோம். நீங்கள் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று இன்று என் கையாலேயே எழுதுகிறேன். மன்னிக்கவே மாட்டேன்: அரசன்குளம் ஆறுமுகப்பெருமாள் மகன் தாணுலிங்கம்.